நெல் எந்தத் துறைக்குச் சொந்தம்

தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நெல்லைப் பற்றி ஒரே வகுப்பு. அதைத் தாவரவியல், வரலாறு, தமிழ், பொருளாதாரம் ஆகிய நான்கு துறைகளும் சேர்ந்து நடத்த வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் சொன்னதும் தாவரவியல் தலைவர் எழுந்தார்.

"நெல்லுங்கிறது தாவரம். அதுல பொருளாதாரத்துக்கு என்னம்மா வேலை?"

"தாவரமா இருக்கட்டும். அதுக்குப் பேரு வெச்சது நாங்க" என்றார் தமிழ்ப் பேராசிரியர்.

வரலாற்றுக்காரர் சோழர்களைத் துணைக்கு அழைத்தார். கடைசியில் முதல்வர் சனிக்கிழமை மதியத்தை ஒதுக்கினார். மதிப்பெண் கிடையாது, அந்த அறையில் மின்விசிறியும் கிடையாது.

கல்லூரிச் செயலாளர் பெரிய மிராசுதார். அறிவுக்கு வேலி கூடாது என்று தொடக்க விழாவில் முக்கால் மணி நேரம் பேசினார். கழக ஆட்சி நில உச்சவரம்பை இறுக்கிக்கொண்டிருந்த காலம் அது. மேடையில் சமத்துவம் பேசியவர்கள் வீட்டுக்குப் போய், உபரி நிலத்தை மாமியார், மைத்துனர் பெயர்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். உறவுகள் தீர்ந்துபோனவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நடவு நேரத்தில் மாணவர்களோடு பஸ் ஏறி, திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். ஒரு வயலை எடுத்துக்கொண்டு, அதில் என்ன நெல், யார் பாடுபடுகிறார்கள், யாருக்குச் சொந்தம் என்று விசாரிக்க வேண்டும். நாங்கள் பார்த்த வயலில் நடவு நின்றிருந்தது. கூலி உயர்வு கேட்டு, வரப்பில் செங்கொடி நட்டு, மூன்று நாளாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பறித்த நாற்று பழுத்துக்கொண்டிருந்தது.

சொந்தக்காரர் யாரென்று கேட்டுவர, நிலக் கணக்கு எழுதும் கர்ணத்திடம் ஒரு மாணவியை அனுப்பினேன். திரும்பி வந்தவள் நோட்டைப் பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். மூன்று ஏக்கர். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது, எம்.ஏ. பட்டம் உட்பட.

"எல்லாமே நம்ம செயலாளரோட பண்ணையாம், மேடம். காலேஜ்ல வேலை பாக்குறவங்க பேருல எழுதி வெச்சிருக்காராம்."

எனக்கு மேற்கே தாவரவியல். கிழக்கே வரலாறு. தமிழுக்கு வாய்க்கால் ஓரம், நல்ல நிலம். ஒரே அறையில் உட்கார மறுத்த துறைகள் அங்கே வரப்போடு வரப்பாக இருந்தன.

உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர் எழுந்து வந்தார்.

"நீங்கதான் நிலத்துக்காரங்களா? பண்ணையாரக் கேட்டா, நிலம் என்னுது இல்ல, சொந்தக்காரங்களக் கேளுங்கறாரு. கூலிய ஒரு முடிவு பண்ணிட்டுப் போங்கம்மா."

"எனக்கே இப்பத்தாங்க தெரியும்."

"எல்லா நிலத்துக்காரங்களும் இப்படித்தாம்மா சொல்றாங்க."

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். கூலிக் கோட்பாடுகளை ஒரு பருவம் முழுக்க நடத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை செயலாளர் கூப்பிட்டனுப்பினார். காபி வந்தது.

"அந்த மூணு ஏக்கர் உங்களுக்குப் பாரந்தானேம்மா. ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா வேற பேருக்கு மாத்திடலாம்."

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றேன். பயத்தில் வந்த சொல் அது. அவர் அதைப் பேரம் என்று எடுத்துக்கொண்டார். அந்த வாரமே நெல் வகுப்பு புதன்கிழமை காலைக்கு மாறியது. மதிப்பெண் வந்தது. மின்விசிறி இரண்டு வந்தன. நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். வகுப்பும் இரண்டு ஆண்டுகள் செழித்தது. வேறு கல்லூரிகளிலிருந்து பார்க்க வந்தவர்கள், நிர்வாகத்தை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கேட்டார்கள். விடாமுயற்சி என்றேன். அந்த இரண்டு ஆண்டுகளும் அந்தப் பெண்கள் யாரிடம் போய்க் கூலி பேசினார்கள் என்று நான் விசாரிக்கவேயில்லை. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பிறகு, பண்ணையார்கள் பிறர் பெயரில் மறைத்த நிலங்களைப் பற்றித் தாலுகா அலுவலகத்தில் விசாரணை வந்தது. என்னிடம் கூலி கேட்ட பெண் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த நிலம் உங்களுதாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லைங்க. அந்த ஊருக்கு நான் போனதே ஒரு தடவைதான்."

வரலாறும் தமிழும் அப்படியே சொன்னார்கள். தாவரவியல் தலைவர் மட்டும், தன் ஆராய்ச்சிக்காக வாங்கிய நிலம் என்று சாதித்தார். எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டதற்குப் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னார். என் பெயரிலிருந்த மூன்று ஏக்கரும் உபரியாகி, அங்கே பாடுபட்டவர்களுக்குப் பிரிந்தது. அந்தப் பெண்ணுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

அடுத்த வாரமே நெல் வகுப்பு கால அட்டவணையிலிருந்து காணாமல் போயிற்று. பல ஆண்டுகள் பொருளாதாரத்தை மட்டும் நடத்தினேன். ஒருநாள், எல்லாக் கல்லூரிகளிலும் பல துறைகளைச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று அரசுச் சுற்றறிக்கை வந்தது. அதற்குள் முதல்வராகியிருந்த தாவரவியல் தலைவர் என்னை அழைத்தார்.

"என்னமோ புதுசா இருக்கே. உங்களுக்கு இதப் பத்தி ஏதாவது தெரியுமாம்மா?"