வருகைப் பதிவேட்டில் பூஜிதா

பெயர்: பூஜிதா. பிறந்த நாள்: 3.6.1997. ஊர்: சூலூர். படிப்பு: பன்னிரண்டாம் வகுப்பு. வேலை: பீளமேட்டுக்குக் கிழக்கே உள்ள ஒரு நூற்பாலையில், கூம்புகளில் நூல் சுற்றும் பிரிவு. சேர்ந்த நாள்: 9.12.2019. நாட்கூலி ஐந்நூற்று முப்பது ரூபாய். திருமணம் 2021இல். கணவர் சசிதர், பம்புசெட் உதிரி பாகங்களைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். முதல் குழந்தை 14.8.2024, புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குப் பிறந்தது. பெண். எடை இரண்டு கிலோ எழுநூறு.

தொழிலாளர் காப்பீட்டில் பதிந்த பெண்ணுக்கு, முதல் பிரசவத்தின்போது இருபத்தாறு வாரம் முழுக் கூலியும் அரசு வழியாகக் கிடைக்கும். அந்த நாட்களில் அவர் கூலி வேலைக்குப் போயிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மருந்தகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் முதல் செய்தியைப் பூஜிதா ஐந்தாம் மாதத்திலேயே படித்துவிட்டார். ஜூலை முதல் தேதி விடுப்பில் போனால் டிசம்பர் இருபத்தொன்பது வரை குழந்தையோடு இருக்கலாம் என்று நாட்காட்டியில் வட்டமிட்டார். இரண்டாம் செய்தியையும் படித்தார். தான்தான் வேலைக்குப் போகப்போவதில்லையே என்று அதைக் கடந்துவிட்டார்.

ஆலையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. விடுப்பில் போகிறவரின் எந்திரத்தில் அவர் வீட்டு ஆள் ஒருவர் பதிலியாக நிற்பார். அட்டை மாறாது, ஆள் மட்டும் மாறும். இடம் அட்டைக்கு உரியது. இதை யாரும் தவறென்று நினைத்ததில்லை.

மேற்பார்வையாளர் அங்கப்பன் ஜூன் கடைசியில் பூஜிதாவிடம் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, ஆறு மாசத்துக்கு எந்திரத்தச் சும்மா போட்டுவெக்க முடியுமுங்களா? மில்லு ஆஸ்டல்ல தங்கி வேலை செய்யுற புள்ளைய நிறுத்திப்போட்டாங்கன்னா உங்க எடம் போச்சு. ஊட்டுல ஆரையாச்சும் அனுப்பி வுடுங்க."

"லாஸ்யா வருவாளுங்க. போன வருசம் மூணு மாசம் இங்கதானுங்களே நூலு சுத்துனா."

"பின்னென்னங்க? பஞ்சுக்குப் பயந்து மூஞ்சியக் கட்டிப்போட்டா நீங்க ஆரு, அவிய ஆருன்னு எனக்கே தெரியாது. சத்தம் போட்டாத்தான் நீங்கன்னு கண்டுபுடிப்பேன்."

லாஸ்யா சசிதரின் தங்கை, இருபத்திரண்டு வயது; அண்ணியை வீட்டுத் தெலுங்கில் 'வதினா' என்று கூப்பிடுவாள். ஜூலை இரண்டாம் தேதி முதல் பூஜிதாவின் அட்டையைத் தேய்த்து உள்ளே போனாள். கூலி பூஜிதாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. பூஜிதா அதை அப்படியே எடுத்து லாஸ்யாவிடம் கொடுத்தார். காப்பீட்டுப் பிடித்தமும் நிற்காமல் தொடர்ந்தது. உதவித்தொகைக்கு அது நல்லது என்றே பூஜிதா நம்பினார்.

30.9.2024, திங்கட்கிழமை. காப்பீட்டுக் கிளை அலுவலகம். ஒரு மாதத்துக்கு முன் கொடுத்த விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்கப் பூஜிதா மூன்றாம் முறையாக வந்திருந்தார். மடியில் குழந்தை. பக்கத்தில், கோப்பைப் பிடித்துக்கொண்டு லாஸ்யா.

எழுத்தர் தமிழ்வேந்தன் தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்கக்கா, ஆகஸ்டு பதினாலு எங்கிருந்தீங்க?"

"இதென்னங்க கேள்வி? ஆஸ்பத்திரிலதானுங்க. அன்னைக்குத்தான் இவ பொறந்தா."

அவர் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். "இது ஆஸ்பத்திரித் தாளு. பதினாலு, காலைல பத்து இருபது, சுகப்பிரசவம். இது மில்லுல இருந்து நாங்க கேட்டு வாங்குன வருகைப் பதிவேடு. அதே பதினாலு, ஏழு மணில இருந்து மூணரை வரைக்கும் வேலை. ரெண்டுலயும் ஒரே காப்பீட்டு நம்பர். பெத்துக்கிட்டே நூலும் சுத்துனீங்களாக்கா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பூஜிதா ஒரு விரலைப் பதிவேட்டின் மேல் வைத்து ஒவ்வொரு தேதியாகக் கீழே இறக்கினார். பிரசவ வலி வந்த பதின்மூன்றாம் தேதி வேலை. தையல் பிரிக்காமல் படுத்துக் கிடந்த பதினாறாம் தேதி வேலை. மாத முடிவு வரை ஞாயிறும் சுதந்திர தினமும் தவிர ஒரு நாள்கூட விடுபடவில்லை. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"புடித்தம் நின்னுபோகக் கூடாதுன்னுதானுங்க…"

"அது நிக்காததுதானுங்க இப்ப சிக்கலே. வேலைக்குப் போகலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஜூலை, ஆகஸ்டு ரெண்டு மாசத்துல ஐம்பத்திரண்டு நாளு போயிருக்கீங்கன்னு மில்லு சொல்லுது."

"நாந்தானுங்க போனேன்" என்றாள் லாஸ்யா. "செப்டம்பர் அதுல வரலீங்களா? அது ஒரு இருபத்திமூணு நாளு இருக்குதுங்களே."

தமிழ்வேந்தன் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் மெதுவாங்க அம்மணி. உங்க அட்டைல ஆரு வேலைக்குப் போனாங்கன்னு பேரோட எழுதிக் குடுங்கக்கா. பணம் கெடைக்க வழியிருக்குது. ஆனா அந்தப் பேருக்காரங்க மேல ஆள்மாறாட்டம்னு விசாரணை வரும். எழுதலைன்னா இந்த விண்ணப்பம் பொய்யின்னு ஆயிரும். திரும்ப வாங்கிக்கிட்டீங்கன்னா இத்தோட முடிஞ்சுது."

இருவரும் வெளியே வந்தார்கள். லாஸ்யா எந்திரத்தின் முன் எழுபத்தைந்து நாள் எட்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். எந்தத் தாளிலும் அவள் பெயர் இல்லை. பெயர் வர வேண்டுமானால் குற்றம் செய்தவளாகத்தான் வர முடியும்.

பூஜிதா அங்கப்பனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"எழுதிக் குடுத்துப்போடாதீங்க அம்மணி" என்று அவர் பதறினார். "உங்க ஒரு அட்டைன்னா நெனச்சுட்டீங்க? நம்ம பிரிவுல இன்னும் நாலு பேரு இப்படித்தான் போயிட்டிருக்குதுங்க. தோண்டுனா அத்தனையும் வெளிய வரும்."

"மொதல்லயே நீங்க சொல்லியிருக்கலாமுங்களே?"

"எனக்கென்னங்க தெரியும்? எங்கம்மா காலத்துல இருந்து இப்படித்தானுங்க."

லாஸ்யா பிடிவாதமாக நின்றாள். "எழுதுங்க வதினா. எம்பேரப் போடுங்க. தூக்குலயா போட்டுருவாங்க? புள்ள பாலு குடிக்குதுங்க, இப்ப எப்படி வேலைக்குப் போவீங்க?"

"உங்கண்ணனக் கேட்டியா?"

"அண்ணனுக்கென்ன தெரியும்? புள்ளையப் பெத்தது நீங்க, வேலைக்குப் போனது நானு."

பூஜிதா வெள்ளைத் தாள் வாங்கினார். 'என் கணவரின் தங்கை' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. லாஸ்யா எட்டிப் பார்த்துத் தன் முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். பூஜிதா தாளை நான்காகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டாவது தாளில் ஒரே வாக்கியம் எழுதினார்: 'எனது மகப்பேற்று உதவிக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.'

"காரணம்னு ஒண்ணு போடோணுமுங்களே?" என்றார், உள்ளே அந்தத் தாளை வாங்கிக்கொண்ட தமிழ்வேந்தன்.

"சொந்தக் காரணம்னு போட்டுக்குங்க."

அவர் முத்திரை குத்தினார். லாஸ்யா குழந்தையை வாங்கிக்கொண்டாள். பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். அங்கே பூஜிதா கையை நீட்டினார். லாஸ்யா அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

1.10.2024, செவ்வாய்க்கிழமை, காலை முறை. அட்டை தேய்க்கப்பட்ட நேரம் ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். குழந்தையின் வயது நாற்பத்தெட்டு நாள்.