பதினாலாம் பிரிவு, எட்டாம் இருக்கை

வெர்லன் டிட்மோர் கெட்டவர் இல்லை. ஊரில் யார் வீட்டு ஏசி நின்றுபோனாலும், தேவாலயத்துக்குப் போட்ட சட்டையோடே ஏணியில் ஏறிவிடுகிற மனிதர். ஹோலிஸ் கிரம்ப்டன் விஷயத்தில் மட்டும் அவருக்கு வயிறு எரியும். ஒரு நாள் இரண்டு நாள் எரிச்சல் இல்லை, இருபத்தாறு வருஷத்து எரிச்சல்.

இருவரும் உயிர் நண்பர்கள். எரிச்சலுக்குக் காரணமே அதுதான். முன்பின் தெரியாதவன் மாளிகை கட்டினால் நமக்கென்ன வந்தது? ஹோலிஸ் ஓய்வுபெற்ற தபால்காரர். அதே அலபாமா வெயிலில் அவர் தோட்டத்துத் தக்காளி மட்டும் வெர்லன் தக்காளிக்கு ஒரு வாரம் முன்னால் பழுக்கும். ஒரே படகில் உட்கார்ந்து ஒரே டப்பாவிலிருந்து புழு எடுத்துப் போட்டாலும், பெரிய மீன் அவர் தூண்டிலைத் தேடித்தான் வரும். வந்த மீனைப் பற்றி அவர் சும்மாவும் இருக்க மாட்டார். மறுநாள் கடைத்தெரு முழுக்க அதன் நீளம் தெரிந்திருக்கும்.

ஆனால் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் அந்த எரிச்சல் அடங்கிவிடும். பல்கலைக்கழகத்து அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பதினாலாம் பிரிவு, முப்பத்தோராம் வரிசை. ஏழாம் இருக்கையில் வெர்லன், எட்டில் ஹோலிஸ். இரண்டும் வெர்லன் பெயரில் இருந்தன. ஹோலிஸ் தன் பங்கைக் கையில் கொடுத்துவிடுவார். பந்தைப் பத்து கஜம் நகர்த்த எதிரணிக்கு மூன்றாவது முயற்சி வந்தால், அதைக் குழப்ப மைதானமே எழுந்து சாவிக்கொத்தைக் குலுக்கும். இவர்கள் இருவரும் தோளோடு தோள் இடித்துக் குலுக்குவார்கள். வெர்லனின் அப்பாவை அடக்கம் செய்த வாரம்கூட வந்தார்கள். அன்றைக்கு ஹோலிஸ் ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. வெர்லன் அதை மறந்ததே இல்லை.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. 'அன்புக் குடும்பத்தாரே' என்று தொடங்கியது. குடும்பம் என்று கூப்பிட்டதுமே வெர்லன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டிக்கெட் விலை தனி, வண்டி நிறுத்தும் காசு தனி. இவை போக, அந்தந்த இருக்கையில் உட்காரும் உரிமைக்காக வருஷாவருஷம் கட்டும் 'நன்கொடை', இருக்கைக்கு முந்நூறு டாலரிலிருந்து எழுநூற்றைம்பதுக்கு ஏறியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஹோலிஸ், வெர்லனின் ஏசி பட்டறைக்கு வந்தார்.

"யோவ், இந்த வருஷம் நான் மேல போறேன்."

"மேலன்னா? சாகப் போறியா?"

"மேலய்யா! கிளப்புக்கு. கண்ணாடிக்குள்ள. கோட்டு, டையெல்லாம் கட்டணும்." சொல்லிவிட்டுத் தாடையைத் தடவினார். "ஒரே ஒரு வருஷம். என் சீட்ட மட்டும் விட்டுடாத. ஆட்டத்துக்கு ஆட்டம் டிக்கெட்ட வித்துக்கோ, உன் கைக்காசு போகாது. அடுத்த வருஷம் வந்துடுவேன்."

வெர்லன் காதில் விழுந்தது 'கண்ணாடிக்குள்ள' மட்டும்தான். அங்கே ஓர் இருக்கைக்கு ஐயாயிரம் டாலர். சோபா, ஏசி, தட்டு நிறைய இறால். மழையும் வெயிலும் எட்டிப்பார்க்காத இடம். தக்காளியைப் பொறுத்துக்கொண்டார், மீனைப் பொறுத்துக்கொண்டார். இதைப் பொறுக்க முடியவில்லை.

"தபால்காரருக்கு ஏது அவ்வளவு காசு?" என்றாள் மனைவி ஒவீடா. "என்ன ஏதுன்னு வாயத் திறந்து கேளேன்."

"கேட்டா அதுக்கும் ஒரு மணி நேரம் பீத்திக்குவான்."

"பீத்திக்கட்டுமே. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

மார்ச் கடைசி நாளில் கணினி முன் உட்கார்ந்து ஏழாம் இருக்கையைப் புதுப்பித்தார். எட்டுக்கு நேராக 'வேண்டாம்' என்ற கட்டத்தை அமுக்கினார். கையில் காசு இருந்தது. காத்திருப்போர் பட்டியலில் பதினோராயிரம் பேர் இருப்பதும், விட்ட இருக்கை திரும்பக் கிடைக்காது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடிக்குள்ளேயே கிடந்து இறால் தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டார். செய்ததை ஹோலிஸிடமும் சொல்லவில்லை, ஒவீடாவிடமும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஆட்டப் பருவம் தொடங்கியது. வழக்கம்போல் வண்டி நிறுத்தத்தில் லாரி டிரைவர் க்ரேடியின் கூடாரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். விடியற்காலையிலிருந்தே பன்றித் தோள்கறி புகையில் வெந்துகொண்டிருந்தது. அவித்த வேர்க்கடலை கைக்குக் கை போனது. பேச்சு முழுக்கக் காசைப் பற்றித்தான்.

"பழைய கோச்ச வீட்டுக்கு அனுப்பறதுக்குக் கோடிக்கணக்குல குடுத்தாங்களாம்," என்றார் க்ரேடி. "என்னை முந்தின வேலைய விட்டு அனுப்பினப்ப ஒரு கேக்கு குடுத்தாங்க. அதுலயும் பேரத் தப்பா எழுதியிருந்தான்."

"ஆடற பசங்களுக்கும் இப்ப சம்பளம்."

"அத விடு. எலும்பு ஒடையறது அவனுக்கு, வாங்கிக்கட்டும். தண்ணி பாட்டிலுக்கு ஆறு டாலர் எதுக்குய்யா? அந்தத் தண்ணி என்ன, பந்தத் தூக்கிட்டு ஓடுதா?"

"நன்கொடைன்னா நாமளா மனசு வந்து குடுக்கறது. இது வழிப்பறி."

"அப்ப வராத."

"வராம எங்க போறது?"

கடலை இன்னொரு சுற்று போனது. பிறகு க்ரேடி சுற்றுமுற்றும் பார்த்து, "ஹோலிஸ் எங்க காணோம்?" என்றார்.

"துரை மேல இருக்காரு," என்றார் வெர்லன். "நம்ம கறியெல்லாம் அவருக்கு இறங்குமா?"

எட்டாம் இருக்கைக்குப் பர்மிங்ஹாமிலிருந்து ஓர் இளைஞன் வந்திருந்தான். ஏதோ காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. வாய்க்கு வாய் சார் போட்டான், கடலை கொடுத்தால் நன்றி சொன்னான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே வெர்லனுக்குக் குறையாக இருந்தது. மூன்றாவது முயற்சியில் எல்லாரும் சாவியைக் குலுக்கியபோது அவன் வெறுங்கையை ஆட்டினான். அவன் காருக்குச் சாவியே இல்லையாம், பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடுமாம்.

வெர்லன் பாதி நேரம் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. பைனாகுலரைத் திருப்பி மேலே கண்ணாடியைத் துழாவுவார். நாலாவது ஆட்டத்தில் ஹோலிஸ் அகப்பட்டார். கருநீலக் கோட்டு, டை. முத்துமாலை போட்ட ஒரு சீமாட்டி பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹோலிஸ் கையில் இறால் தட்டு. வெர்லன் பைனாகுலரை இறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நம்ம அணி பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டியது. வரிசையே எகிறிக் குதித்தது. அவர் பார்க்கவில்லை.

நவம்பரில் உள்ளூரில் கடைசி ஆட்டம். காலையிலிருந்து விடாத மழை. பிளாஸ்டிக் அங்கிக்குள் வெர்லன் உள்ளாடைவரை நனைந்துபோனார். இடைவேளையில் பைனாகுலரை எடுத்தால், கண்ணாடிக்குப் பின்னால் ஹோலிஸ் காய்ந்த தலையோடு யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அவ்வளவுதான், வெர்லன் எழுந்துவிட்டார்.

"நண்பர் ஒருத்தரப் பாத்துட்டு வரேன்," என்று இளைஞனிடம் சொல்லிவிட்டு நடந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தார். சாய்தளம் சாய்தளமாக ஏறி, மூச்சிரைக்க கிளப் வாசலுக்கு வந்து நின்றார்.

"அட்டையக் காட்டிட்டுப் போங்க சார்," என்றது ஒரு குரல், குனிந்து ஈரத் தரையில் துணி விரித்தபடியே.

நிமிர்ந்தால் ஹோலிஸ். கருநீலக் கோட்டின் மார்பில் பெயர்ப் பட்டை. உள்ளே வாசலைப் பார்த்து நின்ற இன்னும் மூன்று கிழவர்களுக்கும் அதே கோட்டு, அதே பட்டை.

"என்னய்யா இது?"

ஹோலிஸின் முகம் சிவந்தது. பிறகு எங்கிருந்தோ பழைய சிரிப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். "சொன்னேனே, கண்ணாடிக்குள்ளன்னு."

"வேலைக்கா வந்த?"

"கத்தாத. எழுநூத்தம்பதுக்கு நான் எங்க போவேன்? வீட்டுல மார்லீனோட மருந்துக்கே பென்ஷன் சரியாப் போகுது. இங்க ஒரு ஆட்டத்துக்கு நூத்தியிருபது. ஏழு ஆட்டம். இன்னியோட நன்கொடைக் காசு தேறிடுச்சு. அடுத்த வருஷம் என் பங்க முழுசா உன் கையில வச்சிடுவேன்."

"என்கிட்ட சொன்னா என்ன?"

"உன்கிட்டயா? மீன்ல என்கிட்ட தோத்தவன்கிட்ட போய் எப்படிய்யா சொல்றது?"

வெர்லன் தயாராக வைத்திருந்த நாலு கேள்வியும் எங்கே போயின என்று தெரியவில்லை. "ஆட்டமாவது நல்லாத் தெரியுதா?" என்றார்.

"எங்க? வாசலப் பாத்துதான் நிக்கணும். சாவி சத்தம் கேட்டா மூணாவது முயற்சின்னு தெரிஞ்சுக்குவேன். கெழவிங்களுக்குத் தட்டு தூக்கறப்ப ஒரு நிமிஷம் பாத்துக்குவேன்." குரலைத் தாழ்த்தினார். "என் டிக்கெட்டுக்கு நல்ல விலை கெடைச்சுதா? உனக்கு நஷ்டம் இல்லியே?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

"வித்தாத்தானே? மார்ச்சுலயே விட்டுட்டேன் ஹோலிஸ். புதுப்பிக்கல."

"காசு பத்தலியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"காசு இருந்துச்சு."

"பின்ன?"

"பொறாமை." அறுபத்துமூன்று வயதில் அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நீ மேல போறேன்னதும் வயிறு எரிஞ்சுபோச்சு."

ஹோலிஸ் குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். பல்கலைக்கழகம் கொடுத்த கோட்டு. கை நீளம் அதிகமாகி விரல் பாதிவரை மூடியிருந்தது. "இதப் பாத்தா பொறாமை?" என்றார்.

அதற்குள் ஒரு குடும்பம் குடையை உதறிக்கொண்டு வந்தது. ஹோலிஸ் நிமிர்ந்து கதவைத் திறந்தார். "வாங்க மேடம், தரை ஈரம், பாத்து." அவர்கள் உள்ளே போன பிறகும் அவர் வெர்லன் பக்கம் திரும்பவில்லை.

"அட்டை இல்லாதவங்க இங்க நிக்கக் கூடாது. சூப்பர்வைசர் பாத்தா என்னைத்தான் கேப்பான்."

"ஹோலிஸ்..."

"கீழ போய்யா. ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது. நம்ம சீட்டு காலியாக் கெடக்கும்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கதவுப் பிடியை அழுந்தத் துடைக்கத் தொடங்கினார்.

வெர்லன் மழையில் நனைந்து கீழே வந்தார். முப்பத்தோராம் வரிசையில் இளைஞன் மரியாதையாக எழுந்து வழிவிட்டான்.

"நண்பரப் பாத்தீங்களா சார்?"

"இல்ல," என்றார் வெர்லன்.