ஜரிகை டப்பாவில் அஞ்சு சீட்டு

அரியர் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவனுக்குப் பேய் பயம் கூடாது. இருந்தால் நிகழ்தகவு நடத்த முடியாது. என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, கேளுங்கள்.

விடுவதற்கும் ஒரு முறை

என் டியூஷன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடியறை. கீழ் வீட்டில் தறி. செமஸ்டருக்கு நாலு நாள் இருக்கும்போது பிள்ளைகள் காலி ஜரிகை டப்பாவில் ஒன்று முதல் அஞ்சு வரை சீட்டு எழுதிப் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வந்த யூனிட்டைச் சாய்ஸில் விட்டுவிடுவார்கள். முதல் நாலும் அல்ஜீப்ரா, அஞ்சாவது நிகழ்தகவு.

இம்ரானுக்கு இது கடைசி வாய்ப்பு. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. இந்த ஒரு பேப்பர் பாஸானால்தான் சேர்த்துக்கொள்வார்கள். சீட்டை எடுத்தான். அஞ்சு. "எடுக்கும்போது கீழ தறி நின்னுச்சு, கவனிச்சீங்களா சார்?" என்றான்.

நாலு தடவை

"நெய்யுறவங்க டீ குடிக்கப் போயிருப்பாங்க, போடா!" என்று திட்டினேன். நிகழ்தகவை விட்டுவிட்டுப் பாஸாகிறானாம், மூஞ்சியைப் பார்! சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். தறிச் சத்தம் மறுபடி கேட்டது. எடுத்தான், சத்தம் பட்டென்று நின்றது. அஞ்சு. மூணாவது தடவையும் அப்படியே. நாலாவதும்.

டப்பாவைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். அஞ்சு சீட்டிலும் அஞ்சு வேறு எண்கள், ஒழுங்காகத்தான் இருந்தன. சித்திரை வெயிலில் எனக்கு உள்ளங்கை ஜில்லிட்டுப் போனது. பயத்தை மறைக்கப் போர்டு பக்கம் திரும்பி, நாலு தடவையும் ஒரே எண் வர அறுநூற்று இருபத்தைந்தில் ஒரு வாய்ப்பு என்று எழுதினேன். முதுகுக்குப் பின்னால் இம்ரானின் குரல் வந்தது: "முதல் சீட்டு எதுவா இருந்தாலும் சரிதானே சார்? அப்போ நூத்தி இருபத்தஞ்சுல ஒண்ணு."

கீழ் வீடு

அவனை அனுப்பிவிட்டு, தறிக்கார அம்மாவிடம் கேட்டே விடலாமென்று இறங்கினேன். வாசலில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "காலையிலயே திருமுக்கூடலுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்களே சார், தறி எப்படி ஓடும்?" என்றார்.

கட்டாயக் கேள்வி

சீட்டு சொன்னபடி அஞ்சை விடுவேன் என்று இம்ரான் ஒரே அழுகை. எனக்குப் பிடிவாதம். மூணு நாள் அந்த யூனிட்டைத்தான் கரைத்துப் புகட்டினேன். என்னால் அவன் வேலை போய்விட்டால் என்ற நினைப்பில் சோறு இறங்கவில்லை.

பரீட்சை முடிந்து ஏனாத்தூர் காலேஜிலிருந்து நேரே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. கேள்வித்தாளை நீட்டினான். சாய்ஸே இல்லாத கட்டாயக் கேள்வி: பெட்டியில் ஐந்து சீட்டுகள், எடுத்ததைத் திரும்பப் போட்டு நான்கு முறை எடுத்தால், நான்கும் ஒரே எண்ணாக இருக்க நிகழ்தகவு என்ன? நூற்று இருபத்தைந்தில் ஒன்று என்று எழுதியிருந்தான். பாஸாகி வேலையிலும் சேர்ந்துவிட்டான். பரீட்சையன்று கேள்வித்தாளைக் காட்டிவிட்டுப் படியிறங்கும்போது அவன் சொன்னது இது: "அது விடச் சொல்லி வரல சார், படிக்கச் சொல்லி வந்துக்கினு இருந்துச்சு."

டப்பாவுக்கு ஞாபகம் கிடையாது என்றுதான் இன்றைக்கும் பாடம் நடத்துகிறேன், ஆனால் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுதுவதில்லை.