ஒரு குறையும் இல்லைங்க

ஈப்போவில் பெரிய முதலாளி இருந்தவரை அவரிடம் உதவி வாங்குவது சுலபம். தீபாவளிக்கு முந்தைய வாரம் அவர் வீட்டு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர் எதையும் கேட்கமாட்டார். ஆளை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார், கொடுப்பார். சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா, என் பள்ளிச் செலவுக்காக ஆண்டுதோறும் போய் நிற்பார். திரும்பி வந்தால் அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரியவர் காலமானார். லண்டனில் படித்த மகன் பொறுப்புக்கு வந்து, இனி யாரும் வாசலில் நிற்கக் கூடாது என்றார். பலருக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதைவிட, சில பிள்ளைகளைக் கடைசிவரை படிக்க வைக்கலாம் என்றார். நல்ல யோசனைதான். இன்றும் அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. கோபம் மட்டும் வருகிறது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்கு எனக்கு ஈப்போவில் இடம் கிடைத்திருந்தது. அங்கே தங்கிப் படிக்க வழியில்லை. விண்ணப்பத்தில் மதிப்பெண்களை மட்டும்தான் கேட்டிருந்தார்கள். வீட்டு நிலையை நேரில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கால்சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அப்பா என்னோடு வந்தார்.

சின்ன முதலாளி எழுந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். தேநீர் வந்தது. வீட்டில் என்ன கஷ்டம், கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

பெரிய மனிதர் ஒருவர் சமமாக உட்கார வைத்து அப்படி விசாரித்தால், எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாராக இருந்தாலும் ஒரே பதில்தான்.

"உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லைங்க."

அவர் என்னைப் பார்த்தார். அம்மா படுக்கையில் கிடப்பது நாக்கு நுனிவரை வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

ரொம்பவும் சிரமப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்த முறை அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

"தாராளமா கொடுங்க ஐயா," என்றார் அப்பா.

பேருந்தில் சுங்காய் வரும்வரை அப்பா வாய் ஓயாமல் பேசினார். "அவங்களுக்குக் கொடுத்துட்டு நமக்கும் செய்வாருலா. நல்ல மனுசன்," என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தில் அப்பா இருந்தும், எனக்கென்று யாருமில்லாதது போல் இருந்தது.

பிறகு ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஓர் அறை எடுத்து, தொழிற்சாலை வேலைக்குப் போனேன். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்பா கேட்பார், சின்ன முதலாளியிடமிருந்து கடிதம் வந்ததா என்று.