தம்பி மறுபடி சாப்பிட உட்கார்ந்த வருடம்

முதலில் கொழுத்தது எங்கள் தெரு நாய்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பின்கதவுக்கு வெளியே வந்து காத்திருக்கும். தம்பி தட்டோடு அந்தப் பக்கம் போவான். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். வாரத்தில் ஒருநாள்தான் பகலில் வீட்டில் இருப்பேன். அதனால்தானோ என்னவோ, தினமும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. அவன் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. அப்பா வேலை செய்கிற தோல் பதனிடும் ஷெட்டில் சுற்றுகிற பெரிய மரப் பீப்பாயின் பெயரைச் சொல்லி, "டிரம்மு" என்றுதான் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள். அந்த வருடம் அவன் மளமளவென்று இளைத்தான். பார்க்கிறவர்களெல்லாம் பாராட்டினார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்குப் பெருமையாக இல்லை. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "குளிருது" என்றான். சப்பாத்தியை நகத்தளவு பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். வீட்டில் கேட்டால் சிநேகிதன் வீட்டில் சாப்பிட்டதாகச் சொன்னான். அந்தச் சிநேகிதனோடு அவன் பேசியே பல வாரம் ஆகியிருந்தது. மழை பெய்தாலும் பாலாற்றங்கரையில் ஓடிவிட்டுத்தான் வருவான். ஒருநாள் ஓட முடியாமல் போனால் வீட்டில் யாரோடும் பேச மாட்டான். தலை சீவினால் சீப்பு நிறைய முடி.

ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கேட்டேன்.

"நீ சாப்பிடறதில்லன்னு எனக்குத் தெரியும்டா. திட்ட வரல. பயமா இருக்குது, அதான் கேக்கறேன்."

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா பேஜார் பண்ணாத," என்று இறங்கிப் போய்விட்டான்.

நான் விடாமல் துரத்தவில்லை. ஆனால் கேட்டது வீண்போகவில்லை. அந்த வாரமே பள்ளிக்கூடத்து மாடிப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டானாம். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருந்தான்.

"அக்கா, நானாதான் கம்மியா சாப்பிட ஆரம்பிச்சேன். இப்ப சாப்பிடணும்னு நெனச்சாலும் கை போக மாட்டேங்குது. என்னால நிறுத்த முடியல."

அவன் கையைப் பிடித்தேன். ஐஸ் போல இருந்தது.

வீட்டில் சொன்னதும் அம்மா சத்தம் போட்டார். "ஆம்பளப் பையனுக்கு இன்னாடி இதெல்லாம்? ஒரு டானிக் வாங்கிக் குடுத்தா சரியாப் போவும். மனசு டாக்டர்னு சொன்னா ஊர் இன்னா பேசும்?" அப்பா ஷெட்டிலிருந்து வந்து கால்கூடக் கழுவவில்லை. தம்பியையே பார்த்தார். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார். கழற்றினான். துருத்திக்கொண்டிருந்த அவன் தோள் எலும்பை அம்மா தொட்டுப் பார்த்தார். மறுநாள் நாங்கள் நாலு பேரும் வேலூர் பஸ்ஸில் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் நாடி பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். இதயம் மெதுவாக அடிக்கிறது, இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்றார். பிறகு தம்பியிடம் தனியாக நெடுநேரம் பேசிவிட்டு வந்து, சாப்பிடவிடாமல் தடுக்கிற ஒரு மனநோய் இது என்று எங்களிடம் சொன்னார்.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "பசங்களுக்கும் இது வருமா மேடம்?"

"வரும்மா. பசங்கன்னா வீட்ல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, அதனால லேட்டா கூட்டிட்டு வருவாங்க. நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க. இது அவன் பண்ண தப்பும் இல்ல, உங்க தப்பும் இல்ல."

அம்மா அங்கேயே அழுதார். தம்பி எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஓட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். எது எவ்வளவு சாப்பிடவேண்டும் என்று உணவு ஆலோசகர் சொன்னார். மனநல ஆலோசகரிடம் வாராவாரம் போனோம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது எங்களுக்கான வைத்தியம். லேசாக இல்லை. ஒரு இட்லியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பான். ஒருமுறை தட்டைத் தள்ளிவிட்டான், சாம்பார் சுவரெல்லாம் தெறித்தது. அம்மா சுவரைத் துடைத்துவிட்டு வேறு தட்டு வைத்தார். "மெதுவா சாப்பிடு கண்ணு, நாங்க எங்கயும் போவல." அப்பா அவன் முடிக்கும்வரை கிரிக்கெட் பற்றியே பேசினார். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது.

மெல்ல மெல்ல முகத்தில் ரத்தம் ஏறியது. ஸ்வெட்டர் பீரோவுக்குள் போனது. ஒருநாள் அவன் சிரித்த சத்தம் கேட்டு நானும் அம்மாவும் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தோம். அந்தச் சத்தத்தைக் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

திமிரியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், தூரத்துச் சொந்தம், தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா, நல்லா இளைச்சிருந்தே, மறுபடியும் ஜாஸ்தி ஆயிட்டே போல?"

என் கையில் சோறு அப்படியே நின்றது. தம்பி தலை குனிந்தான். அம்மா நிமிர்ந்தார்.

"அண்ணா, எங்க புள்ள ஒடம்பு சரியில்லாம இருந்து, இப்பதான் தேறி வந்திருக்கான். அவன் ஒடம்பப் பத்தி யாரும் பேசக்கூடாது. சாப்பாடு எப்பிடி இருக்குதுன்னு கேளுங்க, சொல்லுவான்."

பந்தியே திரும்பிப் பார்த்தது. டானிக் போதும் என்ற அதே அம்மாதான். அந்தச் சொந்தக்காரர் மழுப்பலாகச் சிரித்து, "சரி, பாயசம் எப்பிடிப்பா?" என்றார்.

"சூப்பரா இருக்குது மாமா," என்ற தம்பி பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்டான்.

இப்போது திருப்பத்தூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். செக்கப்புக்கு அவனே போய்வருகிறான். போன வாரம் போன் பண்ணினான்.

"அக்கா, ஹாஸ்டல் சாப்பாடு படு கேவலம். பசி தாங்கல. சனிக்கிழமை வர்றேன், அம்மாகிட்ட கறிக்குழம்பு வைக்கச் சொல்லு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அன்றைக்குப் புதன்கிழமை என்பதையும் மறந்து, மசாலா அரைக்க எழுந்து போனார்.