வளைந்து அறுத்த ரம்பம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. முன்னறையில் ஃபிரேமை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் முகம் பார்க்கிறவர்களுக்குப் பின்னால் இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. சக்கரத்தின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். லென்ஸிலிருந்து சாம்பல் நிறச் சேறு வழியும். ஃபிரேமுக்குள் வைத்துப் பார்ப்பாள், எடுப்பாள், "இன்னும் கால் மில்லி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி தேய்ப்பாள். அதனால் கடையில் அவளுக்கு மில்லி என்றே பெயர் விழுந்துவிட்டது. போகப்போக அவள் வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர்.

ஐம்பத்திரண்டு வயதில், உள்ளங்கையைவிடப் பெரிதாக எதையும் அவள் அறுத்ததே கிடையாது.

ஒரு விடியற்காலைக் காற்றில் பின்வாசலில் நின்ற மரம் சாய்ந்தது. சுவர், துணிக்கொடி, தண்ணீர்க் குழாய் எதையும் தொடாமல், களைத்துப்போன ஆள் பாயைப் பார்த்துப் படுத்த மாதிரி, தோட்டத்தின் நீளத்துக்கு அப்படியே படுத்துக்கொண்டது. மரம் வெட்டுகிற ஆட்களுக்குத் தெருவெல்லாம் வேலை. "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்றார்கள்.

"கெடந்துட்டுப் போவுது. சாப்பாடா கேக்குது?" என்றார் வீட்டுக்காரர்.

மாடியில் அவருடைய தங்கை இருந்தாள். நாலு வருடமாக இருக்கிறாள். கட்டினவர் வேறொரு ஊரில் வேறொரு வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பிறகு, ரெண்டு பெட்டியோடு வந்து மாடியறையில் அடைந்தவள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்கு இறங்குவாள், பாத்திரத்தைக் கழுவி வைப்பாள், மேலே போய்விடுவாள். வாயிலிருந்து வார்த்தை வாங்குவது பெரும்பாடு. அவளுடைய ஜன்னல் முழுக்க அந்த மரத்தின் இலைதான் நிறைந்திருந்தது. மில்லி எப்போதாவது துணி எடுக்க மேலே போனால், அறையே பச்சைத் தண்ணீருக்குள் முங்கிக் கிடப்பதுபோல் இருக்கும். நடுவில் நாத்தனார் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

மரம் விழுந்த மூணாம் நாள் அவள் படியிறங்கி வந்தாள். கையில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் பெட்டி.

"அண்ணி, வெளிச்சம் தாங்கல. தூங்க முடியல. மரம் கெடக்கறதையும் பாக்க முடியல" என்றாள். பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்தாள். "அவர் வாங்குனது. ரெண்டு தரம்தான் எடுத்தாரு."

உள்ளே ஒரு மின்ரம்பம். வீட்டுத் தோட்டத்துக்கென்று விற்கிறார்களே, ப்ளக் மாட்டி ஓட்டுகிற சின்ன ரகம். ஊற்றிவைத்த எண்ணெய் கசிந்து பிசினாக இறுகியிருந்தது. சங்கிலி துருவேறி ஒரு பாம்புச் சட்டைபோல் விறைத்துக் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மில்லி அதைப் பிரித்தாள். ப்ளக் எங்கும் செருகியில்லை என்று ரெண்டு தரம் பார்த்துக்கொண்டாள். பக்க மூடியைக் கழற்றினாள். சங்கிலி ஓடுகிற நீளத் தகட்டை, கடைக்காரர்கள் அதை 'பார்' என்பார்கள், உருவி எடுத்தாள். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு காடி, மெல்லிய பள்ளம். அதற்குள்தான் சங்கிலியின் அடிப்பற்கள் ஓட வேண்டும். காடி முழுக்கப் பழைய மரத்தூளும் எண்ணெயும் கெட்டித்திருந்தன. ஒரு கம்பியால் சுரண்டச் சுரண்டக் கறுப்பு நூல்போல் வந்தது. எண்ணெய் வருகிற துளை அடைத்திருந்தது. குண்டூசியால் அதைத் திறந்தபோது ஒரே ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. நாத்தனார் எதிரில் உட்கார்ந்து துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொழுது போனதே தெரியவில்லை.

சங்கிலி தேறாது என்று ஆயிற்று. மிஷினின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எழுத்து அழிந்துபோயிருந்தது. பக்கத்து இரும்புச் சாமான் கடைக்காரர் பழைய சங்கிலியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலே இப்ப வர்றதில்லம்மா. ஆனா இது போடுங்க, எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மில்லி நம்பவில்லை. பழைய சங்கிலியின் கண்ணிகளை எண்ணினாள், ஐம்பத்திரண்டு. புதியதிலும் ஐம்பத்திரண்டு. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். பல்லுக்குப் பல் சரியாக நின்றது. தன் வயதும் அதுதானே என்று சிரித்துக்கொண்டே வாங்கிவந்தாள்.

மாட்டிப் பார்த்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. ப்ளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினாள். அடிமரத்தில் வைத்ததும் ரம்பம் தானே இறங்கத் தொடங்கியது. மரத்தூள் வெள்ளையாகப் பொழிந்தது. கனவில் கத்தி பிடித்தால் எதிர்ப்பே இருக்காதே, அப்படி.

முதல் துண்டு விழுந்தது. ஒரு பக்கம் நாலு விரல் கனம், மறுபக்கம் ஒரு விரல். நேராக ஆரம்பித்த வெட்டு வலது பக்கமாக வளைந்து போயிருந்தது. ரெண்டாவது துண்டும் அப்படியே. ஐந்தாறு துண்டுகளை நாத்தனார் புல்லில் வரிசையாக அடுக்கினாள். பார்த்துக்கொண்டே நின்றவள் குபுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அண்ணி, எல்லாத்துக்கும் அடியில ஒரு கல்ல வச்சாத்தான் நிக்கும் போல."

நாலு வருடத்தில் அந்தச் சிரிப்பை மில்லி கேட்டதில்லை. அதனால் துண்டு கோணியதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆனாலும் தொழில்காரி. மனசு ஆறவில்லை.

தன் கைதான் கோணலோ என்று முதலில் நினைத்தாள். வீட்டுக்காரரைப் பிடிக்கச் சொன்னாள். பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற மாதிரி கெட்டியாகப் பிடித்தார். அவருக்கும் வலது பக்கமே போயிற்று. "எனக்கு இந்த ரூட் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். பற்களை அரத்தால் ராவினாள். மறுபடி வளைந்தது. வாரம் முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது ரோடுகூட லேசாக வலப்பக்கம் சாய்வதுபோல் தெரிந்தது.

வியாழக்கிழமை கடையில் ஒரு லென்ஸ் வந்தது. யாரோ அவசரத்தில் விளிம்பை மெலிதாகத் தேய்த்துவிட்டிருந்தார்கள். ஃபிரேமின் காடிக்குள் வைத்தாள். உட்கார்ந்தது. ஆனால் விரலால் தொட்டதும் இப்படியும் அப்படியும் சாய்ந்தாடியது. அளவு சரி, சுற்று சரி, கனம் மட்டும் போதவில்லை.

மில்லி லென்ஸைக் கீழே வைத்தாள். ரம்பத்தின் காடிதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

அன்று சாயங்காலம் கனம் பார்க்கிற கருவியைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சங்கிலியின் அடிப்பல்லைப் பிடித்து அளந்தாள். ஒன்று புள்ளி ஒன்று மில்லி. பிறகு கனம் தெரிந்த சின்னத் தகடுகளைப் பாரின் காடிக்குள் ஒவ்வொன்றாக நுழைத்தாள். ஒன்று புள்ளி மூன்று சிக்கில்லாமல் இறங்கியது.

"கால் மில்லிகூட வித்தியாசம் இல்ல" என்றாள். "அதுக்குள்ள நின்னுக்கிட்டு இது சாஞ்சு சாஞ்சு ஓடியிருக்கு."

"அவ்ளோதானா?" என்றாள் நாத்தனார். கருவியின் முள்ளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், திருப்பிக் கொடுத்தாள். மில்லி அதைக் கவனித்துவிட்டாள். இத்தனை நாளும் இவளுக்குக் கிட்டத்துப் பார்வையே சரியில்லை, யாரிடமும் சொன்னதில்லை. மறுநாளே கடையின் முன்னறைக்கு இழுத்துப்போய்ச் சோதிக்க வைத்தாள். வேலை நேரத்துக்கு நடுவே, பக்கமெல்லாம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றில் அவள் பார்வைக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நாத்தனார் ஒரு மரத்துண்டை எடுத்துப் பார்த்தாள். "இதுல இவ்ளோ கோடு இருக்கா" என்றாள், மெதுவாக.

பேருந்து கடைசியாக நிற்கிற இடத்தில் உதிரிபாகக் கடை ஒன்று இருப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். அவருடைய பேருந்திலேயே மில்லியும் நாத்தனாரும் ரம்பப் பெட்டியோடு போனார்கள். நாத்தனார் வெளியில் கிளம்பி எத்தனையோ நாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுக் கண்ணாடியோடு ஒவ்வொரு கடைப் பலகையாக வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தாள். மத்தியான வெயிலில் தெருக்கள் மிதந்து போவதுபோல் போயின.

கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"எந்த கம்பெனி?"

"தெரியாதும்மா, அழிஞ்சிருச்சு" என்றாள் மில்லி.

"பரவால்ல. கம்பெனி பேரு வேணாம், மூணு நம்பர் போதும். கண்ணிக்குக் கண்ணி எவ்ளோ தூரம், அடிப்பல்லு என்ன கனம், மொத்தம் எத்தன கண்ணி."

மில்லி கைப்பையிலிருந்து பழைய சங்கிலியையும் ஒரு துண்டுச் சீட்டையும் எடுத்து வைத்தாள். அந்தப் பெண் சீட்டைப் படித்தாள், மில்லியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கனத்த நீங்களே அளந்தீங்களா? இங்க யாரும் அளக்கறதே இல்ல. எல்லாத்துக்கும் பொருந்தும்னு வாங்கிட்டுப் போயி, அப்புறம் மிஷின்மேல பழி போடுவாங்க." மிஷினைத் திருப்பி உள்ளே விரலை விட்டாள். "செயின இழுக்குற இந்தப் பல்சக்கரமும் தேஞ்சிருக்கு, தொட்டுப் பாருங்க, குழி விழுந்திருக்கு. இத மாத்தாம புதுச் செயின் போட்டீங்கன்னா, அது செயினையும் தின்னுரும். இதே மிஷின் பச்ச கலர்ல வேற பேர்ல வருது. அதோட சக்கரம் இதுக்குச் சேரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புதுச் சங்கிலியும் சக்கரமும் மாட்டியதும், வெட்டு நேராக இறங்கியது. துண்டுகளை அடுக்கினால் தட்டுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. அதன்பின் பதினொரு ஞாயிற்றுக்கிழமை. மில்லி அறுப்பாள், நாத்தனார் வயர் காலில் சிக்காமல் பிடித்துக்கொள்வாள். எண்ணெய் மட்டம் பார்ப்பாள், சங்கிலி தொய்ந்தால் "நிறுத்துங்க அண்ணி" என்று ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகி இறுக்குவாள். பல்லுக்கு ரெண்டே ராவல், எல்லாவற்றுக்கும் ஒரே சாய்வு. அந்த வேலை அவளிடம் போய்விட்டது. ராவிக்கொண்டே பேசுவாள். ராத்திரி கண்ட கனவுகளைச் சொல்வாள். ஒன்றில் அவள் கடலுக்கடியில் ஓர் அலமாரியைத் தேடிக்கொண்டே போகிறாளாம். திறந்தால் உள்ளே மில்லியின் தையல் சாமான்கள். இருவருக்கும் அர்த்தம் தெரியவில்லை. மரத்தூள் வாசனை ஈரமாக எழுந்துகொண்டிருந்தது.

மரம் தீர்ந்த மாதத்தில் போன் வந்தது. வீட்டுக்காரர் எடுத்தார். பேசிவிட்டு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மாப்பிள்ளதான். அவரோட மிச்ச சாமான அனுப்பச் சொல்றாரு. அந்த ரம்பத்தையும் கேக்கறாரு, பாப்பா."

நாற்பத்தைந்து வயதுப் பாப்பா மேலே போனாள். அன்று முழுக்க இறங்கவில்லை. மில்லிக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "செயின் நம்மது, சக்கரம் நம்மது, எண்ணெயும் நம்மது. எதக் கேக்கறாரு?" என்று கணவரிடம் பொரிந்தாள்.

மறுநாள் காலையில் நாத்தனார் வந்து மேசையில் துணி விரித்தாள். ரம்பத்தைப் பிரித்துக் காடியைச் சுத்தம் செய்தாள். பற்களை ராவினாள். எண்ணெயை வடித்துவிட்டு எல்லாவற்றையும் பூட்டினாள்.

"குடுத்துடலாம் அண்ணி. அவரோட சாமான் ஒண்ணு இங்க இருந்தா, ஒரு காது அந்தப் பக்கமே இருக்குது." பிறகு ஒரு சீட்டை எடுத்து எழுதிப் பெட்டிக்குள் வைத்தாள்: கனம் 1.3, கண்ணி 52, எல்லாத்துக்கும் பொருந்தும்னு யாராவது சொன்னால் வாங்க வேண்டாம்.

மில்லி அதைப் படித்துவிட்டு, "இத ஏன் சொல்லணும்? கோணலா அறுக்கட்டுமே" என்றாள்.

"பாவம், கையக் கிய்ய வெட்டிக்கப் போறாரு" என்றாள் நாத்தனார். முகத்தில் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை.

பெட்டி போன மறுவாரம், எதிர்வீட்டுக்காரர் தன் வேலியோரத்துக் கிளையைக் காட்டி உதவி கேட்டார். ரெண்டு பேரும் மறுபடி பேருந்து ஏறி, ஜலதோஷம் விட்டிருந்த அந்தப் பெண்ணிடம் போனார்கள். அரைமணி நேரம் பேசி, பச்சை நிற மிஷின் ஒன்றை நாத்தனாரே தேர்ந்தெடுத்தாள். திரும்பும்போது பெட்டி ரெண்டு பேர் மடியிலும் குறுக்காகக் கிடந்தது. பேருந்து ஆடிய ஆட்டத்தில் முதலில் மில்லி கண்ணயர்ந்தாள், பிறகு நாத்தனாரும் அவள் தோளில் சாய்ந்தாள்.

வீட்டு நிறுத்தம் வந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து மில்லியின் வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்தார். வண்டியை நிறுத்தினார், ஏற வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டார், கூப்பிடாமல் கிளப்பிவிட்டார். ஊரின் மறு கோடியில் வண்டி காலியான பிறகு எழுந்து வந்து, பெட்டியில் விரலால் தட்டினார்.

"எந்திரிங்க. டீ குடிச்சிட்டு அடுத்த டிரிப்புல போலாம்."