வலக்கைச் சோறு

அஸ்மத் பீவியின் விரல்கள் பொரித்த நெய்மீன் துண்டுக்குள் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தன. பிட்டு, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் துண்டு சஹன் தட்டுக்குப் போகும். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர்கள் மீசை அரும்பிய பையன்கள். முள் எடுக்க அவர்களுக்கே தெரியும். தொண்டையில் சிக்கினால் யார் பதில் சொல்வது என்பது அவள் கேள்வி.

கேஸை மூடிவிட்டு, திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள். குளிக்கப் போனவன் தாமதித்தால் கதவைத் தட்டுவாள். டெலிபோன் அடித்தால் முதலில் அடுப்பை அணைப்பாள். கெட்ட செய்தி கேட்கும்போது குழம்பு வேறு அடிப்பிடிக்கக் கூடாதாம்.

வளைகுடா நகரமொன்றின் சத்வா பகுதியில் அவள் சமைக்கும் வீட்டை அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்று வாடகைக்கு எடுத்திருந்தது. வளைகுடா நாடுகளில் பந்தை வேகமாக எறியும் பையன்களைத் தேடிப் பிடித்து, அங்கே தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கடைசிச் சோதனையில் தேறும் இரண்டு பேரோடு ஒப்பந்தம். சமையலும் காவலும் கீழக்கரை அஸ்மத் பீவி பொறுப்பு. விளையாட்டை அவளுக்கு விளக்கியவர் டிரைவர் முகம்மது சித்தீக்.

"கிரிக்கெட்டுல கைய மடக்கி எறிஞ்சா மாங்கா எறியறான்னு வெரட்டுவாங்க மாமி. இங்க மாங்கா எறியறவனத்தான் அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

அப்படி விரட்டப்பட்டவர்களில் ஒருவன்தான் சோஹாரிலிருந்து வந்த ஹஸ்னைன். எல்லோரையும்விட வேகமாக எறிபவன். சோதனைக்கு முந்தைய மாலை அவன் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டான்.

"பீச்சாங்கையால திங்கிற பழக்கத்த எங்கடா புடிச்சே? அமெரிக்கா போறதுக்கு முன்னாடியே தொரயாயிட்டியா?" என்றாள் அஸ்மத் பீவி.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவர்கள் எழுந்து போனதும் அஸ்மத் பீவி அவனுடைய வலது கையைப் பிடித்தாள். முழங்கையின் உட்பக்கம் வீங்கி, தொட்டால் சுட்டது. மடக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் வரவில்லை. பையனின் உதடு வெளுத்தது.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க மாமி. நாளைக்கு ஒருநாள் எறிஞ்சிட்டா கையெழுத்து வாங்கிருவாங்க."

"கையே போயிட்டா எத வச்சு வாப்பா கையெழுத்துப் போடுவே?"

பதினெட்டு முடிந்தால் தகப்பன் விசாவில் இருக்க முடியாது, தனக்கு வேறு வழியில்லை என்றான். அழுதும் விட்டான். அவன் அழுகை நிற்பதற்காக, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த பிறகுதான் பயம் சரியாகப் பிடித்தது. துண்டில் ஐஸைச் சுற்றி அவன் முழங்கையில் கட்டினாள். சொன்னால் பையன் அடுத்த பஸ்ஸில் சோஹார் திரும்ப வேண்டும். தேற வேண்டிய ஆளைக் கெடுத்தாள் என்று, "கலாஸ், வேலை முடிந்தது" எனச் சொல்லி அவளையும் அனுப்பிவிடலாம். சொல்லாவிட்டால் அந்தக் கை என்ன ஆகும்? அவள் கணவர் நெஞ்சு வலியை மறைத்துக்கொண்டு டூட்டிக்குப் போய், உயிரோடு திரும்பாதவர். லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று அவரும் இப்படித்தான் வாக்கு வாங்கினார். அஸ்மத் பீவி எழுந்து போய், மூடியிருந்த கேஸைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை இடியாப்பமும் மீன் குழம்பும். மைதானத்துக்குப் போகும் முன் பயிற்சியாளர் பையன்களோடு டீ குடிப்பது வழக்கம். அவருடைய நாற்காலியை ஹஸ்னைனுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டாள். மேசையில் ஒரு ஸ்பூன்கூட இல்லை. பையன் இடது கையை நீட்டியதும் அதைப் பிடித்து அவன் மடியில் வைத்தாள்.

"பிஸ்மி சொல்லி வலக்கையால சாப்புடு வாப்பா."

ஹஸ்னைன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வலது கையால் இடியாப்பத்தைப் பிய்த்து எடுத்தான். கை தட்டை விட்டு எழுந்து, நெஞ்சுக்கு நேராக வந்து நின்றுவிட்டது. வாய் குனிந்து கையைத் தேடியது. பயிற்சியாளர் கோப்பையைக் கீழே வைத்தார்.

அஸ்மத் பீவி அவர் பக்கம் திரும்பவில்லை. பையன் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டைப் பிட்டு, முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, அவன் வாயில் ஊட்டினாள்.